ரிஹேப்பில் சேரும் மேசையில் எதையும் மறைக்காதீர்கள்

மலேசியாவில் போதை மறுவாழ்வு இல்லத்தில் சேர்கிற அன்று முதல் வேலை ஒரு மேசை முன்னால் உட்காருவதுதான். என்ன எடுக்கிறீர்கள், எவ்வளவு, புகையா ஊசியா, கடைசியாக எப்போது, கூட வேறென்ன என்று கேட்பார்கள். ஏதோ ஃபாரம் நிரப்புகிறார்கள் என்று நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். அடுத்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். பையன் சாபு (ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின்) மட்டும்தான் என்பான். சாபு அடித்த பிறகு தூக்கம் வருவதற்காகப் போட்ட எரிமின் மாத்திரையைச் சொல்ல மாட்டான். அவன் கணக்கில் அது போதை இல்லை, தூக்க மாத்திரை. ஆனால் எரிமின், வேலியம் போல உடம்பு பழகிவிடுகிற மாத்திரை வகையைச் சேர்ந்தது. மாதக்கணக்கில் தினமும் போட்ட உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். சாபுக்காரர் என்று படுக்க வைத்தவருக்கு நடுராத்திரி வலிப்பு வந்தால், இரவுப் பணியாளருக்குக் காரணமும் தெரியாது, என்ன செய்வதென்றும் தெரியாது. அதனால் வீட்டாரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். "தனியா பேசணும்" என்று கேட்டாலே போதும். நல்ல இல்லமாக இருந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறதே, எல்லாம் அதில் தெரிந்துவிடும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். தெரியாது. சாபுவும் ஹெராயினும் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். தினமும் கஞ்சா புகைத்தவருக்கு வாரக்கணக்கில் தெரியும். வழக்கமான பரிசோதனைக் கப்பில் கெத்தும் என்கிற போதை இலை காட்டாது. வடக்கே பினாங்கு, கெடா பக்கம் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிற கெத்தும் தண்ணீரைத் தினமும் குடிக்கிறவர் அதை வாயால் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் மூக்கு ஒழுகல், தசை வலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் சாதாரணக் காய்ச்சல் என்று பனடால் கொடுத்து விட்டுவிடுவார்கள்.

அதற்கு முன், எங்கே போய்ச் சேருவது என்ற கேள்வி. குடிகாரரை நேராக இல்லத்துக்குக் கொண்டு போகாதீர்கள். தினமும் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தவருக்குக் கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். வலிப்பு வருவதென்றால் முதல் இரண்டு நாட்களில். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாததைப் பார்ப்பது, ஆளைத் தெரியாமல் பிதற்றுவது வரலாம். இதில் உயிர் போகும். இவருக்கு மருத்துவமனைப் படுக்கையும், படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும், தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். தினமும் எரிமின் போட்டவர், வலிப்பு நோயாளி, இதய நோயாளி, இவர்களுக்கும் முதலில் மருத்துவமனை, பிறகுதான் இல்லம். கர்ப்பிணிப் பெண் ஹெராயின் எடுப்பவராக இருந்தால் வீட்டில் திடீரென்று நிறுத்த வைக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கிற மெத்தடோன்தான் அவருக்கு வழக்கமான சிகிச்சை.

மற்றவர்களுக்கு வழிகள் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்து டாக்டரைப் பார்த்தால், பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மெத்தடோன் கிளினிக்குக்கோ கடிதம் கொடுப்பார். ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் நீங்களே போய், சுகரேலாவாக, அதாவது சொந்த விருப்பத்தில், வந்திருக்கிறேன் என்று பதியலாம். போலீஸ் பிடிப்பதற்கு முன் போவதும் பிடித்த பிறகு போவதும் ஒன்றில்லை. பிடிபட்டுச் சிறுநீரில் போதை தெரிந்தால், 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1)ஆவது பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்குப் பிறகு ஏஏடிகே கண்காணிப்பில் மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

தனியார் இல்லமென்றால் ஏஏடிகேயில் பதிந்ததா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி வேன் அனுப்பி ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்கிற இடத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். வயது வந்த ஒருவரை, நீதிமன்ற ஆணையும் இல்லாமல் அவர் சம்மதமும் இல்லாமல் பூட்டி வைப்பது குற்றம். அப்படிக் கொண்டுபோனவர் கதவு திறந்த நாளே ஓடுவார், அது வேறு.

போனில் கேட்க வேண்டியவை இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார்? இரவில் யார் இருக்கிறார்கள்? அடிப்பார்களா? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், சில இடங்களில் அடிதான் சிகிச்சை. மூன்றாம் நாளே வெளியேறினால் கட்டிய பணம் திரும்புமா? பிரார்த்தனை கட்டாயமா? நம் பிள்ளைகள் சேர்கிற இல்லங்களில் கிறிஸ்துவ சபைகள் நடத்துபவை நிறைய. அன்பாக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் காலையும் மாலையும் ஜெபத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு, அதையே சாக்காக வைத்து வெளியே வருவதை விட, முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சமையலில் மாட்டிறைச்சி உண்டா, புரட்டாசிக்குச் சைவம் கிடைக்குமா என்பதும் அப்படித்தான்.

கொண்டுபோக வேண்டியது குறைவு. ஐசி (அடையாள அட்டை), டாக்டர் கடிதம், பொத்தானோ பட்டையோ இல்லாத சாதாரண உடுப்பு, செருப்பு, கண்ணாடி. இனிப்பு நீர் நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடுகிற மருந்தை, டப்பாவில் கொட்டாமல் பார்மசி லேபிளோடு எடுத்துப் போங்கள். லேபிள் இல்லாத மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள். பையைக் கொட்டிச் சோதிப்பார்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து, வாசனைத் தண்ணீர், இருமல் மருந்து எல்லாம் போய்விடும். போன் போய்விடும். பல இடங்களில் சிகரெட்டும் போய்விடும். அப்படியானால் நிக்கோட்டின் கம் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். போதை இல்லாததைத் தாங்கிக்கொண்டவர், சிகரெட் இல்லாமல் நான்காம் நாள் சண்டை போட்டு வெளியே வருவது சாதாரணமாக நடக்கிறது.

வேலை செய்கிறவர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலைக்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தனியார் இல்லத்தில் மூன்று மாதம் தங்குவதை அதில் சேர்க்க முடியும் என்று நம்பி இருக்காதீர்கள். சம்பளமில்லா விடுப்பை முதலாளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி முதல் வாரம். ஹெராயின் எடுத்தவருக்குக் கடைசி வேளைக்கு 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் கொட்டாவி, கண்ணீர், மூக்கு ஒழுகல். பிறகு மயிர்க்கூச்சம், கால் இழுப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ஒரு வாரத்தில் உடம்பு அடங்கும், தூக்கம் மட்டும் வாரக்கணக்கில் வராது. செத்துவிடுவோம் என்று தோன்றும், ஆனால் நல்ல உடம்புள்ளவருக்கு இதனால் சாவு அரிது. ஆபத்து நீர் வற்றுவதில்தான் இருக்கிறது. அதனால் வெறும் தண்ணீர் போதாது, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வேண்டும். வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் மாத்திரை கொடுப்பார்கள். குளோனிடின் என்ற இரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வேளையும் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கொடுத்தால், கழிவறைக்கு எழுந்தவர் வழியிலேயே மயங்கி விழுவார்.

சாபு வேறு மாதிரி. வாந்தியும் இல்லை, வலியும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவார், எழுந்தால் சட்டி காலியாகும். வீட்டாருக்குச் சந்தோஷம், பையன் தேறிவிட்டான் என்று. உண்மையில் கஷ்டமே அதற்குப் பிறகுதான். எதிலும் ருசி இல்லாமல், மனசு பாதாளத்தில் கிடக்கும். இதற்கென்று ஒரு மருந்து இன்னும் கிடையாது. தற்கொலை எண்ணம் வருவதும் இந்த நாட்களில்தான், அதனால் அந்த எண்ணம் முன்பு எப்போதாவது வந்திருந்தால் மேசையிலேயே சொல்லிவிடுங்கள். யாரோ பேசுகிறார்கள், கேமரா வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தணியும். வாரக்கணக்கில் தணியாவிட்டால் மனநல டாக்டர் பார்க்க வேண்டும். கண்டெய்னர் லாரி ஓட்டியோ பினாங்கின் பிறை வட்டார ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்தோ கண் விழிப்பதற்காக ஆரம்பித்தவர்களுக்கு, அந்த வேலைக்கே திரும்பப் போவதா என்ற கேள்வியை ஆலோசகர் எழுப்புவார். முதல் வாரத்தில் அதைப் பேசிப் பலனில்லை, சொன்னது மண்டையில் நிற்காது.

மெத்தடோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொய் சொன்னால் உயிரைக் கேட்கிற மருந்து அது. சிரப்பாக வரும், பார்மசிஸ்ட் கண் முன்னால் குடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். ஆரம்பம் பொதுவாக 30 மில்லிகிராமைத் தாண்டாது. பலருக்கு 60இலிருந்து 120 வரை போனால்தான் நிலைக்கும், ஆனால் அது வாரங்கள் பிடிக்கிற வேலை. முதல் நாள் பத்தவில்லை என்றுதான் இருக்கும். அதனால் சிலர், எடுத்த அளவை இரண்டு மடங்காகச் சொல்லி அதிகம் கேட்கிறார்கள். மெத்தடோன் உடம்பை விட்டு மெதுவாகப் போகிறது. இன்று குடித்ததில் பாதி நாளையும் உள்ளே இருக்கும், அதன் மேல் நாளைய வேளை சேரும். முதல் நாள் போதாத அதே அளவு நான்காம் நாள் மூச்சை அடக்கப் போதுமானதாகிவிடலாம். அதோடு எரிமினோ சம்சுவோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். இன்னொன்று: காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு மெத்தடோன் சீக்கிரம் கரைந்துபோய், ஒழுங்காகக் குடித்தும் கியான் (போதை கிடைக்காமல் உடம்பு படுகிற பாடு) திரும்பும். டாக்டருக்குக் காசநோய் மருந்து தெரிந்திருந்தால் அளவைக் கூட்டுவார். தெரியாவிட்டால் வெளியே ஹெராயின் எடுக்கிறான் என்று சந்தேகப்படுவார்.

பிறகு வருகிற நாட்கள் சலிப்பானவை. விடியுமுன் எழுப்புவார்கள், கூட்டுவது, காலைக் கூட்டம், சமையலறையோ துணியோ ஒரு வேலை, குழுவாக உட்கார்ந்து பேசுவது. பல இல்லங்களில் முன்பே வந்த மூத்தவர்தான் உங்களுக்கு மேலாள். உங்களை விட வயது குறைந்தவன் எல்லோர் முன்னாலும் தப்பைச் சொல்வான். கோபம் வரும்.

வீட்டுக்கு ஃபோன் செய்ய அனுமதி கிடைத்ததும் முதல் பேச்சே "என்னை வந்து கூட்டிட்டுப் போங்கம்மா" என்பதாக இருக்கும். குடும்பம் இதற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். ஒருவர் மட்டும் எடுங்கள், அம்மாவாக இல்லாமல் இருந்தால் நல்லது. சாப்பாடு சரியில்லை என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கிறார்கள் என்றால் நடிப்பென்று ஒதுக்கவும் வேண்டாம், அன்றைக்கே பையைக் கட்டவும் வேண்டாம். நேரில் போய், பணியாளர் இல்லாமல் தனியாகப் பார்க்கக் கேளுங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். தனியாகப் பார்க்க விடாத இல்லம் என்றால் அதுவே பதில்.

முதல் வெளி அனுமதியைத் தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ வாங்காதீர்கள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் பழைய கூட்டாளிகள் எல்லோரும் ஒரே ராத்திரியில் கிடைப்பார்கள்.

ஹெராயின்காரருக்கு வெளியே வந்த முதல் சில வாரங்கள் உள்ளே இருந்த எந்த நாளையும் விட ஆபத்தானவை. மூன்று நான்கு வாரம் தொடாத உடம்புக்குப் பழைய தாங்கு சக்தி போய்விடும். ஆசைக்கு ஒரே ஒரு தடவை என்று பழைய அளவையே எடுத்தால் செத்துப்போவார்கள். வீட்டில் இதைப் பேசி வையுங்கள். உதடு நீலமாகி, விட்டுவிட்டுக் குறட்டை மாதிரி மூச்சு வாங்கினால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999 அழையுங்கள். மெத்தடோன் குடிப்பவருக்கு, வெளியே வருகிற மறுநாள் எந்தக் கிளினிக்கில் அடுத்த வேளை என்பது கடிதத்தோடு முடிவாகியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை போய்ப் பாருங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெராயின் வேலை செய்யாமல் தடுக்கிற நால்ட்ரெக்ஸோன் மாத்திரை என்றால் ஹெராயின் விட்டு 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும். மெத்தடோனில் இருந்தவர் இன்னும் அதிக நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் ஒரு வாரக் கியான் ஒரு மணி நேரத்தில் வந்து விழும்.

சேரும்போது எடுத்த பரிசோதனைகளின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் அதில் இருக்கும். ஊசி போட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் சி இருப்பது சகஜம். வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் ஈரலைத் தின்கிற நோய் அது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் அதற்கு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, பெரும்பாலோருக்கு 12 வாரம் சாப்பிட்டால் போதும். முடிவு வந்தும் யாரும் சொல்லாமல் கோப்பிலேயே கிடப்பதுண்டு, அதனால் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.