ஒளியை வளைத்துக் காட்டிய தாத்தா

இன்று மாலை எங்கள் தெருமுனையில், அறுந்துபோன ஃபைபர் கேபிளை ஒரு தம்பி ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இழைகளை ஒட்டும் கருவியான ஸ்ப்ளைசரில் வைத்தார். தூசி ஒட்டினாலோ வெட்டு சாய்ந்தாலோ ஒளி கசிந்துவிடும். முடி போன்ற அந்தக் கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9.

ஒளியிழை முன்னோடி நரிந்தர் சிங் கபானி நினைவுக்கு வந்தார்.

1926இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கட்டி, வளைந்த கட்டு வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். 1954இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

சும்மா கட்டினால் போதாது. இரு முனையிலும் இழைகளின் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும், மாறினால் படம் சிதறிவிடும். உறையில்லாத இழைகள் உரசினால் ஒளி பக்கத்து இழைக்குத் தாவிவிடும். ஒளியை இழைக்குள்ளேயே திருப்பிவிடும், ஒளிவிலகல் எண் குறைந்த உறை தேவைப்பட்டது அதனால்தான்.

பிறகு அமெரிக்கா. 1960இல் ஆப்டிக்ஸ் டெக்னாலஜி, 1973இல் காப்ட்ரான் என்று நிறுவனங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள், பேரப்பிள்ளைகள்.

2009இல் ஒளியிழைக்கு நோபல் கொடுத்தபோது அவர் பெயர் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. 2020 டிசம்பரில், 94 வயதில் போய்விட்டார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகுதான் வந்தது.

தம்பி ஒட்டிய இடத்தில் சிறு குழாயை நகர்த்திச் சூடாக்கினார். எதிர்வீட்டு மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.