நடுத்தூணை எடுத்துவிடாதீர்கள்

ஒரு வாகனம் முன்னால் வந்து நின்றால் நான் முதலில் பார்ப்பது அதன் கதவை. எத்தனை கிலோமீற்றர் ஓடும், என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போரில் என் இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது, பொய்க்கால் அணிகிறேன். வன்னியில் இது அரிதான செய்தியல்ல. புதுக்குடியிருப்புச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் என்னைப்போல் இன்னொருவரைக் காண்பீர்கள். ஆனால் கதவைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்பதில்லை.

தம்பி ஒரு சிறிய மின்சார எஸ்யூவி வாங்க நினைக்கிறான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, ஏ9 வீதியில் மின்சார வாகனங்கள் சத்தமில்லாமல் போய்வருவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. தொலைபேசியில் படங்களாகக் காட்டுவான். அப்படித்தான் ஒருநாள் மாஸ்டா எம்எக்ஸ்-30 காரின் படத்தை நீட்டினான். "அக்கா, இந்தக் கதவைப் பாருங்கள். எவ்வளவு வடிவாக இருக்கிறது!"

வடிவுதான். முன்கதவு வழமைபோல் முன்பக்கம் திறக்கிறது. பின்கதவின் பிணைச்சல் பின்பக்கத்தில் இருப்பதால் அது எதிர்த்திசையில் திறக்கிறது. சாதாரணக் கார்களில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூண் இதில் இல்லை. இரண்டையும் திறந்துவிட்டால் வாகனத்தின் பக்கம் முழுவதும் ஒரே வாசலாகிவிடும். 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரும் இதே அமைப்புத்தான். அதன் உடற்கூட்டைக் கரியிழையால் (காபன் பைபர்) செய்ததால் தூணில்லாமலே வலு கிடைத்தது. மாஸ்டாவில் அந்த வலுவைப் பின்கதவுக்கு உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தூண் எனக்கு வேண்டும்.

நான் ஏறும் விதத்தைச் சொல்கிறேன். வாகனத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வலக்கையால் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இருக்கையின் ஓரத்தில் அமர்வேன். பிறகு உடலைத் திருப்பி வலது காலை உள்ளே வைத்து, பொய்க்காலைக் கையால் தூக்கி எடுப்பேன். கதவைப் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். கதவு ஆடும், தூண் ஆடாது. இறங்குவது இன்னும் கடினம். எங்கள் நாட்டில் இடப்பக்கமாகத்தான் வீதியோரத்தில் இறங்க வேண்டும். அப்போது முதலில் வெளியே வருவது பொய்க்கால். அதற்குத் தரை தெரியாது. கிரவல் சரிந்த ஓரமா, மாரியில் வெள்ளம் அரித்த பள்ளமா என்பதை அந்தப் பாதம் எனக்குச் சொல்லாது. அந்த ஒரு நொடி என் பாரம் முழுவதும் தூணைப் பிடித்த கையில்தான் இருக்கிறது. பின்னிருக்கையில் என் முன்னால் தூணே இல்லையென்றால் நான் எதைப் பிடிப்பது?

இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த அமைப்பில் முன்கதவு திறந்திருந்தால்தான் பின்கதவு திறக்கும். முன்னிருக்கைப் பாதுகாப்புப் பட்டியும் பின்கதவோடு இணைந்தே வருகிறது. ஆகவே முன்னால் இருப்பவர் பட்டியைக் கழற்றி, தன் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் பின்னால் இருப்பவர் வெளியே வரலாம். இறங்க வேண்டும் என்று நான் ஒருவரிடம் கேட்டு நிற்க வேண்டும். கால் போன பிறகு எத்தனையோ காரியங்களைத் தனியாகச் செய்ய மீண்டும் பழகியிருக்கிறோம். கிணற்றடிக்குப் போவது, பஸ் ஏறுவது, வகுப்பில் நின்றபடி பாடம் எடுப்பது என்று ஒவ்வொன்றையும் மீட்டெடுத்தோம். ஒரு கதவுக்காக அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. போதாததற்கு அந்த இரண்டு கார்களிலும் பின்பக்கச் சாளரக் கண்ணாடி இறங்காது. சித்திரை வெயிலில் பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரை குளிரூட்டியை மட்டும் நம்பிப் பின்னால் இருந்து பாருங்கள்.

இதே கதவின் நல்ல பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் ஜப்பானில் மாஸ்டா இதே எம்எக்ஸ்-30ஐக் கால்களைப் பயன்படுத்த முடியாதவர்கள் ஓட்டுவதற்காக மாற்றி விற்றது. வேகத்தைக் கூட்ட, சுக்கானில் ஒரு வளையம், பிரேக்குக்குக் கைநெம்பு. ஓட்டுநர் தன் இருக்கைக்கு மாறி அமர்ந்த பிறகு, சக்கர நாற்காலியைத் தானே தூக்கிப் பின்னால் வைக்க அந்த அகன்ற வாசல் உதவுகிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. முள்ளந்தண்டில் காயப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழில் செய்யும் ஆட்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த வாகனத்தை ஓட்டினால் கதவு அவருக்குக் கைகொடுக்கும். அதே வாகனத்தின் பின்னிருக்கையில் என்னைப் போன்றவர் அடைபட்டிருப்பார். எந்த இருக்கையில் யார் இருக்கப்போகிறார் என்று கேட்காமல் ஒரு கதவை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கியா நிறுவனம் 2025இல் காட்டிய ஈவி2 மாதிரி வாகனத்திலும் நடுத்தூண் இல்லை, பின்கதவு எதிர்த்திசையில்தான் திறந்தது. விற்பனைக்கான வடிவத்தில் சாதாரணக் கதவுகளையே வைத்துவிட்டார்கள். சரியான முடிவு. சில மின்சார வாகனங்களில் கதவோடு கதவாய் மறைந்திருந்து, மின்சாரத்தால் இயங்கும் கைப்பிடிகள் வேறு இருக்கின்றன. விபத்தில் மின்சாரம் அற்றுப்போனால் வெளியில் நிற்பவர் எதைப் பிடித்து இழுப்பார்? உள்ளேயும் வெளியேயும் கையால் இயங்கும் திறப்பு கட்டாயம் என்று சீனா விதி கொண்டுவந்திருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. எங்கள் நாட்டுக்கு வரும் மின்சார வாகனங்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதால் எனக்கு இது ஆறுதலான செய்தி.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்கு ஒரு வாகனம் பார்க்கப் போகிறோம். முன்னிருக்கையில் தம்பியை இருத்தி, பட்டியும் பூட்டச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னால் நான் தனியாக ஏறி இறங்கிப் பார்ப்பேன். தூணின் அடிக்கும் இருக்கைக்கும் இடையில் பொய்க்காலின் சப்பாத்து சிக்காமல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பற்றரி அடியில் இருப்பதால் மின்சார வாகனங்களில் கால் வைக்கும் தளம் உயர்ந்திருக்கும்; அதில் என் முழங்கால் எவ்வளவு மடங்கிக் கிடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பொய்க்காலோ ஊன்றுகோலோ பாவிக்கிறவர்கள் இதைப் படித்தால், நீங்கள் எந்த வாகனத்தில் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறீர்கள், எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். போவதற்கு முன் அறிந்துகொள்ள விரும்புகிறேன்.