ஒழுகுற கூரைக்கு எந்த ஹெட்ல காசு?

நீலகிரியில குந்தா பக்கம் ஒரு கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல அஞ்சு வருஷம் ஹெச்எம்மா, அதாவது தலைமை ஆசிரியரா இருந்தேன். 2018ல சார்ஜ் எடுத்தப்ப பழைய ஹெச்எம் பீரோ சாவியோட ஒரு நீல கலர் பிளாஸ்டிக் வாளியையும் குடுத்தாரு, "பத்தாவது பி-ல ஜன்னலோர பெஞ்சுக்கு பக்கத்துல வைங்க சார், ஜூன்ல தேவைப்படும்"னாரு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். லீவு முடிஞ்சு ஸ்கூல தொறந்தா கூரையில நாலு ஷீட் விரிசல் விட்டிருக்கு, லேப் ரெக்கார்ட் நோட்டுல மை கரைஞ்சு தரையெல்லாம் ஊதா தண்ணி. அன்னைக்கு ஆரம்பிச்ச அலைச்சல்ங்க.

கவர்மென்ட் ஸ்கூலுக்கு காசே வரதில்லன்னு வெளிய பேசுவாங்க, அது முழு உண்மை இல்ல. வருது, ஆனா ஒவ்வொரு காசுக்கும் இன்ன செலவுக்கு தான்னு ஒரு கணக்குத் தலைப்பு, அதாவது ஒரு ஹெட் இருக்கு, அந்த ஹெட்ட விட்டு ஒரு ரூபா நகராது. எங்களுக்கு 200 பிள்ளைங்க, அந்த கணக்குக்கு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வி திட்டத்துல ஸ்கூல் கிராண்ட் வருஷத்துக்கு 50 ஆயிரம். அதுல பத்து பர்சன்ட் சுத்தம் சுகாதாரத்துக்கு ஒதுக்கணும், மீதில சாக்பீஸ், ரெஜிஸ்டர், லேப் சாமான், உடைஞ்ச பைப்பு எல்லாம் பாக்கணும். இந்த திட்டத்துல சென்டர் 60, ஸ்டேட் 40. வடகிழக்கு, இமயமலை ஸ்டேட்டுகளுக்கு மட்டும் 90க்கு 10. நாங்களும் மலை தான், மணலும் ஜல்லியும் மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வரணும், ஆனா நம்ம ஸ்டேட் சமவெளி கணக்குல தான் வருது. அந்த காலத்துல சென்டர் உதவியோட ஹெச்ஏடிபின்னு மலைப்பகுதி மேம்பாட்டு திட்டம் இருந்துச்சு, அஞ்சாவது அஞ்சாண்டு திட்டத்துல ஆரம்பிச்சது, அப்படி ஒண்ணு மலைக்குன்னே தனியா இருக்கறது எவ்வளவு அவசியம்னு எஸ்டிமேட் கையில எடுத்தா தான் புரியும்.

புது கட்டிடம்னா நபார்டு பேங்க் இருக்கு, கவர்மென்ட் அங்க கடன் வாங்கி பிடபிள்யூடி, அதான் பொதுப்பணித்துறை, கட்டிக் குடுக்கும், ஊர்ல "நபார்டு பில்டிங்"னே பேரு ஆயிடும். ஆனா எங்களுக்கு பிள்ளைங்க கொறைஞ்சிட்டே வர்றாங்க, புது ரூம் கேட்டா இருக்கற ரூமே அதிகம்ங்கறாங்க. இருக்கற ரூம்ல ரெண்டு ஒழுகுதேன்னா அது ரிப்பேர், அதுக்கு வேற ஹெட். எம்எல்ஏ நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்பி நிதி 5 கோடி, ரெண்டு பேர் ஆபீசுலயும் மனு குடுத்தேன், மரியாதையா தான் பேசுனாங்க, ஆனா தொகுதி முழுக்க ரோடும் தண்ணி டேங்கும் க்யூவுல நிக்குது. கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் காச கேக்கலாமேன்னு நிறைய பேரு சொன்னாங்க. 2013 கம்பெனி சட்டப்படி ஒரு வரம்புக்கு மேல இருக்கற கம்பெனிங்க லாபத்துல ரெண்டு பர்சன்ட் செலவு பண்ணணும் சரி, ஆனா கம்பெனி இருக்கற ஏரியாவுக்கு முன்னுரிமைன்னு அதே சட்டம் சொல்லுது. எங்க மலையில இலைய வெளிய வெலைக்கு வாங்கி டீத்தூள் பண்ற சின்ன சின்ன பாட் லீஃப் ஃபேக்டரிங்க தான், அந்த வரம்புக்குள்ளயே வராது. பெரிய கம்பெனியெல்லாம் ஓசூர்லயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் இருக்கு.

இதுல நான் பண்ணுன தப்பையும் சொல்லிடறேன், புதுசா ஹெச்எம் ஆகறவங்களுக்கு உதவும். ஸ்கூல் விவரமெல்லாம் வருஷா வருஷம் கவர்மென்ட்டுக்கு குடுக்கற யுடைஸ் ஃபார்ம்ல ரூம் நிலைமை கேப்பாங்க, நல்லா இருக்கு, மைனர் ரிப்பேர், மேஜர் ரிப்பேர்னு. ஸ்கூலுக்கு கெட்ட பேரு வேணாம்னு மூணு வருஷம் மைனர்னே போட்டேன். ஒரு நாள் ஊட்டியில ஒரு இன்ஜினியர் அந்த பிரின்ட்அவுட்ட திருப்பி காட்டி "நீங்களே மைனர்னு தானே சார் குடுத்திருக்கீங்க"ன்னாரு. பதில் பேச முடியல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மழையில நனைஞ்சுட்டே நடந்து வந்தேன்.

ஊர் மக்களும் கவர்மென்ட்டும் சேந்து காசு போடற நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும். பச்சை தேயிலைக்கு வெலையே இல்லாத வருஷம் அது, இலை பறிக்கறவங்க கிட்ட எப்படி கேக்கறது, எனக்கு மனசு வரல.

2022 கடைசில, கவர்மென்ட் ஸ்கூலுக்கு வெளிய இருக்கறவங்க உதவறதுக்கான நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் ஆரம்பிச்ச சமயம் பழைய மாணவர்கள் கூடுனாங்க, ஒரு பேட்ச்ல இருந்து முப்பது பேரு. நல்ல மனசு தான், கேட்டுல பேட்ச் பேரு போட்டு பெரிய ஆர்ச் கட்டித் தரோம்னாங்க. நான் கூரை பத்தி சொன்னேன். ஒருத்தர் தயங்கி, "கூரைய மாத்துனா யாருக்கு சார் தெரியும்"னாரு. அவரு மேல கோபமே வரல, குடுக்கறவங்களுக்கு கண்ணுக்கு தெரியற மாதிரி ஏதாவது வேணும்ல, பெரிய பெரிய திட்டமே அப்படி தானே இருக்கு. அப்ப கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கற ஒரு அம்மா எழுந்து, "நாங்க படிக்கறப்பவே அங்க ஒழுகும்ங்க, அந்த ஜன்னலோர பெஞ்சு என்னோடது, பரீட்சை பேப்பர மடியில வெச்சு எழுதுவேன்"னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஆர்ச் பேச்சு அதோட முடிஞ்சுது.

எஸ்எம்சில, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு, பழைய மாணவர்கள் காச எஸ்எம்சி அக்கவுண்ட்லயே செக்கா வாங்கி, ஏப்ரல்ல வேலைய தொடங்குனோம். எங்க ஊருக்கு ஜனவரியில இருந்து மே வரைக்கும் தான் கூரையில கை வைக்க முடியும், ஜூலைல சாங்ஷன் ஆகி வர்ற காசு மார்ச்சுக்குள்ள எப்படி செலவாகும்னு மேல இருக்கறவங்க தயவு செஞ்சு யோசிக்கணும். வெறும் தகர ஷீட் போட்டா மழைச் சத்தத்துல வாத்தியார் பேசறது முன் பெஞ்சுக்கே கேக்காது, அதனால கீழ சீலிங்கும் சேத்து போட்டோம், அதுக்கு பத்தாத காச டீச்சர்ஸ் எல்லாரும் போட்டோம்.

2024-25ல பிஎம்ஸ்ரீங்கற சென்டர் திட்டத்துல நம்ம ஸ்டேட் சேராத விவகாரத்துல சமக்ர சிக்ஷா காசு 2152 கோடி நின்னப்ப, நான் மாறுதலாகி வேற ஸ்கூலுக்கு வந்துட்டேன். பழைய ஸ்டாஃப் போன்ல புலம்புவாங்க, அந்த 50 ஆயிரம் எவ்வளவு பெரிய காசுன்னு அப்ப தெரியுது சார்னு.

கூரை மாத்துன வருஷம் ஜூன்ல மொத மழை பேஞ்ச அன்னைக்கு மூணாவது பீரியட் பத்தாவது பி-க்கு போயி பின்னாடி நின்னேன். கணக்கு பாடம் நடந்துட்டு இருந்துச்சு, ஜன்னலோர பெஞ்சுல மூணு பொண்ணுங்க. தரை காஞ்சு இருந்துச்சு. வாளிய சத்துணவு அக்கா அரிசி கழுவ கேட்டாங்க, குடுத்துட்டேன்.