அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் புதியவருக்கு எந்த நாவல்?

புதியவரிடம் எடுத்த எடுப்பிலேயே 'டியூன்' (1965) நாவலை நீட்டாதீர்கள். மகத்தான படைப்புதான்; ஆனால் முதல் அத்தியாயத்திலேயே பழக்கமில்லாத சொற்கள் விளக்கமின்றி வந்து விழும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், புத்தகத்தின் கடைசியில் சொற்பட்டியல் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) இன்னும் நல்ல வாசல். அளவில் சிறியது. ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதை ஆள முடியும் என்ற ஒற்றை விதியில் மந்திரம் முழுவதும் நிற்கிறது. செருக்கில் தானே அவிழ்த்துவிட்ட நிழலுக்கு அஞ்சி ஓடும் இளைஞன், ஒரு கட்டத்தில் திரும்பி அதைத் துரத்தத் தொடங்குவான். அந்தத் திருப்பத்துக்காகவே படிக்கலாம்! அடுத்த பாகமான 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' ஒரு பெண்ணின் கதை. பழைய நாயகன் தாமதமாகத்தான் வருவான். முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாகம் மாறிவிட்டதோ என்று குழம்புவார்கள்.

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையை வெளியான வரிசையிலேயே, 1951 நூலிலிருந்து தொடங்குங்கள். கதைக்காலத்தில் முந்தையது என்று 'ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்' (1988) நாவலை முதலில் எடுத்தால், பழைய நூல்கள் பொத்திவைத்த வியப்புகள் வீணாகும். ஒரே பாத்திரத்தோடு கடைசிவரை வாழ விரும்புகிறவருக்கு இது வேண்டாம். 1951 நூலில் பல பத்தாண்டுகள் தாண்டித் தாண்டி ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.