பவர் ஹேமர் டைக்கு மலிவான ஸ்டீல்: பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்கில் செய்து பார்த்தது

ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) எடை 25 கிலோ உள்ள சின்ன பவர் ஹேமர், அதாவது மோட்டாரில் ஓடும் சம்மட்டி. அதில் இதுவரை ஓடிய மைல்டு ஸ்டீல் டைகள் (சூடான இரும்பை இடையில் வைத்து அடிக்கும் மேல், கீழ்க் கட்டிகள்) நடுவில் குழிந்து விளிம்பு பிதுங்கிவிட்டன. அந்த இடத்தில் போட ஒரு ஜோடி தட்டை டை தேவை. முகம் 100க்கு 75 மி.மீ., கனம் 40 முதல் 50 வரை.

ஸ்டீல் தேடும் முன் எடையைக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. 100 × 75 × 50 என்றால் 375 கன செ.மீ. ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம் வீதம் ஒரு டை 3 கிலோகூட வராது, ஜோடிக்கு 6 கிலோவுக்குள். இவ்வளவு சின்னத் துண்டுக்குக் கிலோ விலை பெரிய விஷயமே இல்லை. அறுக்கிற பிளேடும் மில்லிங் கூலியும்தான் காசைத் தின்னும். அதனால் டையின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட துண்டு எதுவோ அதுதான் மலிவு.

புதிதாக வாங்குவதானால் 4140, அதாவது இஎன்19 என்ற அலாய் ஸ்டீலில், ப்ரீ-ஹார்டு (முன்பே கடினமாக்கிய) நிலையில் 28–32 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) உள்ள கட் பிட், அதாவது அறுத்து மிஞ்சிய துண்டு, கேளுங்கள். அப்படியே மில்லிங் செய்து மாட்டலாம், ஹீட் ட்ரீட்மென்ட் வேண்டாம். பிளாஸ்டிக் மோல்டு செய்யும் பட்டறைகளில் ஒதுங்கும் பி20 என்ற மோல்டு ஸ்டீல் துண்டும் ஏறக்குறைய அதே கடினம். எச்13 சூட்டிலும் இளகாது, அருமையான ஸ்டீல்தான். ஆனால் 1000 டிகிரிக்கு மேல் ஏற்றினால்தான் கடினமாகும். கன்ட்ரோல் உள்ள ஃபர்னஸ் இல்லாதவர்களுக்கு அது சரிப்படாது.

பழைய இரும்பில் எல்லோரும் முதலில் சொல்வது தண்டவாளம். கார்பன் 0.7 சதவீதம் அளவில் இருப்பதால் தேய்மானம் நன்றாகத் தாங்கும். ஆனால் தலைப்பகுதியின் மேல்பக்கம் வளைவு, அடியில் 16 மி.மீ. சொச்சமே உள்ள நடுத்தகடு. அந்தத் தகட்டோடு அப்படியே நிறுத்தி அடித்தால் அடியின் பலம் அதிர்விலேயே போய்விடும். தகட்டை வெட்டி, வளைவைச் சமன் செய்த பிறகு கையில் மிஞ்சுவது 35 மி.மீ. கனம்தான். இவ்வளவு கார்பன் உள்ளதை வெல்டிங் செய்ய 350 டிகிரி வரை ப்ரீஹீட் (வெல்டிங்குக்கு முன் சூடேற்றுவது) வேறு வேண்டும். தட்டை டைக்கு இது வீண் உழைப்பு.

லாரி ஆக்சில் ஷாஃப்டும் தட்டை டைக்கு உதவாது. 50 மி.மீ. உருளையிலிருந்து எடுக்கக்கூடிய சதுரம் 35 மி.மீ.தான். அதோடு, மேல்தோல் இண்டக்ஷன் ஹார்டனிங் ஆனது, பேண்ட்சா பற்களை உரித்துவிடும். காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேல் ஏற்றி, சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டால் அறுக்க வரும். இரும்பை நீட்ட உதவும் ஃபுல்லர் டைக்கு அந்த உருளை வடிவமே போதும், அதற்காக எடுத்து வைக்கலாம். ஹைட்ராலிக் ராடு கிடைத்தால் கவனம்: குரோம் பூச்சை முழுக்க எடுக்காமல் சூடுபடுத்தவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அந்தப் புகை நஞ்சு. பூச்சைக் கிரைண்டரில் எடுக்கும்போதும் முகமூடி கட்டாயம்.

மிகச் சரியாகப் பொருந்தியது ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க். அகலம் 100 முதல் 125, கனம் 35 முதல் 50 வரை இருக்கும். நடுத்தரக் கார்பன் அலாய் ஸ்டீல், ஹீட் ட்ரீட்மென்ட் ஆகியே வருகிறது. கனம் 10 சதவீதம் தேய்ந்தாலே அந்த ஃபோர்க்கைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதனால்தான் பார்வைக்கு நன்றாக இருப்பவைகூட ஸ்கிராப்புக்கு வருகின்றன. முனைப் பக்கம் கூம்பிப்போகும், அது வேண்டாம். வளைவுப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதையும் விட்டுவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் தண்டிலிருந்து வெட்டுவது உத்தமம். கேஸ் கட்டிங் செய்தால் வெட்டிய ஓரம் கண்ணாடி போல் இறுகிவிடும். அந்த ஓரத்தில் 5 மி.மீ. கிரைண்டரில் எடுத்த பிறகே மில்லிங்குக்குக் கொடுக்க வேண்டும்.

என்ன ஸ்டீல் என்று சந்தேகம் வந்தால் 6 மி.மீ. கனத்தில் ஒரு சீவல் வெட்டி, காந்தம் விடும் சூட்டுக்குச் சற்று மேல் ஏற்றி எண்ணெயில் தோய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கார்பன் இருக்கிறது. வைஸில் பிடித்து, துணி சுற்றி உடைத்தால் உடைவாய் மெல்லிய சாம்பல் நிற மணியாக இருக்க வேண்டும். உடையாமல் வளைந்தால் பெரும்பாலும் மைல்டு ஸ்டீல்.

இனி பொருத்துவது. டை பிளாக்கை 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் அடித்தட்டின் மேல் வைத்து வெல்டிங் செய்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி துளியும் இருக்கக் கூடாது. பெரும்பாலான டைகள் பெயர்வது இங்கேதான். வெல்டிங் பிடிப்பது சுற்று ஓரத்தை மட்டுமே, நடுவில் ஒட்டு கிடையாது. நடுவில் காகிதக் கனம் சந்து இருந்தாலும் ஹேமர் அடியின் பலம் முழுவதும் வெல்டிங் மேல் இறங்கும், அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஆரம்பிக்கும். ஒரு பரப்பில் நீலச் சாயம் தடவி மற்றதோடு உரசி, குறைந்தது முக்கால் பரப்பாவது தொடுகிறதா என்று பார்த்துவிட்டே வெல்டிங் மெஷினைப் போடுங்கள்.

பிளாக்கின் கீழ் ஓரத்தில் 12 மி.மீ. சரிவு எடுத்து, 250 முதல் 300 டிகிரி ப்ரீஹீட் கொடுத்து, உலர வைத்த 7018 (லோ-ஹைட்ரஜன் வகை) வெல்டிங் ராடில் எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி நிரப்புகிறோம். ஈரம் ஏறிய ராடு போட்டால் அன்றைக்கு நன்றாகத் தெரியும், மறுநாள் விரிசல் விட்டிருக்கும். முடிந்ததும் சாம்பலில் மூடி இரவு முழுக்க ஆறவிட வேண்டும். தட்டை முகத்தின் கடைசி மில்லிங் இதற்குப் பிறகுதான், ஏனெனில் வெல்டிங் சூட்டில் அடித்தட்டு வளையும்.

விளிம்புகளுக்கு 6 மி.மீ. வளைவு கொடுத்தாயிற்று. கூரான விளிம்பு இரும்பில் வெட்டுத் தடம் போடும், அடுத்த அடியில் அது மடிந்து உள்ளே போய் மடிப்பு விழும். ஃபோர்க் வந்த கடினத்திலேயே விட்டிருக்கிறோம். 45–50 எச்ஆர்சிக்கு ஏற்றினால் முகம் இன்னும் நாள் தாங்கும்தான். அதற்கும் மேல் போனால் ஓரத்தில் சில்லு தெறிக்கும், அது கண்ணுக்கு ஆபத்து. இளகிய விளிம்பு பிதுங்கினால் கிரைண்டரில் தேய்த்துவிடலாம்.

மாட்டிய பின், நல்ல சிவப்புச் சூட்டில் ஒரே கனமான பட்டையை டை முழு நீளத்துக்கும் வைத்து இலேசாக அடித்து, இரண்டு முனையையும் காலிப்பரில் அளந்தால் இணைத்தன்மை தெரிந்துவிடும். வித்தியாசம் வந்தால் அடித்தட்டின் கீழ் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்வது, முகத்தைத் திரும்ப மில்லிங் செய்வதைவிட எளிது. குளிர்ந்த காலையில் சூடான ஒரு இரும்புத் துண்டை இரண்டு டைக்கும் நடுவில் சிறிது நேரம் வைத்துக் கைபொறுக்காத சூடு ஏறியதும் வேலையைத் தொடங்குங்கள். இரும்பு இல்லாமல் டை மேல் டை மோத ஒரு அடிகூட விடாதீர்கள்.