மூளைப் படத்தில் பச்சை விளிம்பு வந்த கதை

வேலூர் தோட்டப்பாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு அச்சிடுவது, பைண்டிங், மாநாட்டுக்குப் போஸ்டர் அடிப்பது, இதெல்லாம்தான் வேலை. சுற்றிலும் கல்லூரிகள் என்பதால் செல், திசு, எலும்பு என்று எல்லாப் படமும் கடைக்கு வந்துபோகும். மூளை வரைபடம் மட்டும் அதுவரை வந்ததில்லை. போன கோடையில் ஓர் ஆய்வு மாணவி பென்டிரைவோடு வந்தார்.

"அண்ணா, கலர் மட்டும் கொஞ்சம் கரெக்ட் பண்ணிக் குடுத்துடுங்க. ஹிப்போகாம்பஸைச் சுத்திப் பச்சையா ஒரு கோடு வருது. கைடு பார்த்தா ஒத்துக்க மாட்டார்."

ஹிப்போகாம்பஸ் என்பது மூளைக்குள் இருக்கும் ஒரு பகுதி, படத்தில் அது மஞ்சளாக இருந்தது. ஃபோட்டோஷாப்பில் அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்து மஞ்சளாக்குவது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் அந்தக் கோடு ஏன் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் ஆராய்ச்சிப் படத்தில் கைவைக்க எனக்குத் தயக்கம். "படத்தை விடும்மா, இதை உண்டாக்கின ஃபைலைக் கொண்டு வா" என்றேன். அடுத்த முறை லேப்டாப்போடு வந்தார். அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மூளை ஸ்கேனைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் ஃப்ரீசர்ஃபர், அதைத் திரையில் காட்டும் ஸ்லைசர் போன்ற மென்பொருள்களோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு படத்தைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் நிறம் இருக்கும். ஃப்ரீசர்ஃபர் கொடுக்கும் மூளைப் பகுதி வரைபடத்தில் நிறமே கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண் மட்டும் இருக்கும். 17 என்றால் இடது ஹிப்போகாம்பஸ், 53 வலது, 10 இடது தலாமஸ், 2 இடப்பக்க வெண்பொருள். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஓர் எழுத்துக் கோப்பில் கிடக்கிறது. அதில் ஒரு வரி, உதாரணமாக, 17, இடது ஹிப்போகாம்பஸ், 220, 216, 20, 0 என்று போகும். முதலில் எண், அடுத்து பெயர், பிறகு சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் ஒளிபுகும் அளவு. திரையில் நாம் பார்ப்பது இந்த இரண்டு கோப்பும் சேர்ந்த விளைவு. நிறம் தப்பாகத் தெரிந்தால் ஒன்று எண் கெட்டிருக்க வேண்டும், இல்லை நிறக் கோப்பு கெட்டிருக்க வேண்டும், இல்லை இரண்டும் ஒன்றோடொன்று இணையாமல் இருக்க வேண்டும். இந்த மாணவியின் வேலையில் மூன்றுமே இருந்தன.

இணையாமல் போவதுதான் எளிய சிக்கல். ஸ்லைசரில் கோப்பைச் சும்மா இழுத்துப் போட்டால் அதைச் சாதாரண ஸ்கேன் என்று எடுத்துக்கொண்டு மூளை முழுவதையும் சாம்பல் நிறத்தில் காட்டும். கோப்பைச் சேர்க்கும் பெட்டியிலேயே 'ஷோ ஆப்ஷன்ஸ்' போட்டு 'லேபிள்மேப்' என்பதை டிக் செய்ய வேண்டும். பிறகு வால்யூம்ஸ் பகுதிக்குப் போய் ஃப்ரீசர்ஃபர் நிறப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் நிறம் வந்துவிடும். ஃப்ரீசர்ஃபரோடு வரும் ஃப்ரீவியூவிலும் இதே கதைதான். அங்கே நிறப் பட்டியலில் 'லுக்கப் டேபிள்' என்று மாற்ற வேண்டும். இவ்வளவு தெரியாமல் ஸ்கேனே கெட்டுவிட்டது என்று பயந்து, பல மணி நேரம் ஓடும் ஃப்ரீசர்ஃபர் ஆய்வை மறுபடி முதலிலிருந்து ஓட்டியிருக்கிறார் அவர்.

சரி, பச்சைக் கோடு. ஸ்லைசர் திரையின் கீழ் இடது மூலையில் 'டேட்டா ப்ரோப்' என்று ஒரு சிறு பெட்டி உண்டு. சுட்டியை எங்கே வைக்கிறோமோ அந்தப் புள்ளியின் எண்ணையும் பெயரையும் அது காட்டும். ஹிப்போகாம்பஸின் நடுவில் வைத்தால் 17. வெளியே வெண்பொருளில் வைத்தால் 2. பச்சைக் கோட்டின் மேல் வைத்தால் 10, அதாவது தலாமஸ். கொஞ்சம் நகர்த்தினால் 12, அது புடாமென். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் 8, அது சிறுமூளையின் புறணி. சிறுமூளைக்கு அங்கே என்ன வேலை? மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே சிரிப்பு வந்தது. மாணவிக்கு மட்டும் வரவில்லை.

படம் போஸ்டரில் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று புள்ளிகளின் அளவைச் சிறிதாக்கி மறுபடி கணக்கிட்டிருக்கிறார். ஸ்லைசரில் அதற்கு 'ரீசாம்பிள்' என்று ஒரு கருவி இருக்கிறது. புதிதாக உண்டாகும் புள்ளிக்கு எந்த மதிப்பு கொடுப்பது என்று நாம் சொல்லாவிட்டால் அது 'லீனியர்' முறையில், அதாவது பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சராசரி எடுத்துப் போடும். சாதாரண ஸ்கேனுக்கு அது சரி. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் சாம்பல் இருப்பது இயல்பு. வரைபடத்தில் இருப்பதோ பெயருக்குப் பதிலாக நிற்கும் எண். 2-ஆம் நம்பர் பஸ்ஸையும் 17-ஆம் நம்பர் பஸ்ஸையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த ஊருக்குப் போய்ச் சேரும்? 2-க்கும் 17-க்கும் நடுவில் 9.5. பாதிப் பாதியாக இல்லாமல் கூடக்குறையக் கலக்கும் இடங்களில் 3 முதல் 16 வரை எது வேண்டுமானாலும் வரும். ஃப்ரீசர்ஃபர் பட்டியலில் அந்த எண்கள் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே ஒரு பெயரும் நிறமும் இருக்கின்றன. அதனால் மென்பொருள் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது. இல்லாத தலாமஸை அழகாகப் பச்சையில் வரைந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மருந்து ஒரே ஒரு தேர்வுதான். லீனியர் இருக்கும் இடத்தில் 'நியரஸ்ட் நெய்பர்' என்று மாற்ற வேண்டும். அது எதையும் கலக்காமல் மிகப் பக்கத்தில் இருக்கும் புள்ளியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஃப்ரீசர்ஃபரின் 'எம்ஆர்ஐ கன்வர்ட்' கட்டளையிலும் இதே தேர்வு இருக்கிறது, நாம் சொன்னால்தான் செய்யும். ஓரம் கொஞ்சம் படிக்கட்டு மாதிரி தெரியும், பரவாயில்லை. ஏற்கெனவே கலந்துபோன கோப்பைத் திருத்த வழியில்லை. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். நல்லவேளையாக அது அவரிடம் இருந்தது.

அன்றைக்கு அந்தப் பச்சையை நான் மஞ்சளாக்கிக் கொடுத்திருந்தால் போஸ்டர் சுத்தமாக இருந்திருக்கும். அதே கோப்பிலிருந்து அவர் ஹிப்போகாம்பஸின் கன அளவையும் கணக்கிட்டிருந்தார். ஓரத்தில் இருந்த 17-கள் வேறு எண்ணாக மாறியிருந்ததால் அந்தக் கணக்கும் பிசகியிருந்தது. அதைத் திருத்துவது ஃபோட்டோஷாப்பின் வேலை கிடையாது.

அடுத்து புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு. இன்னொரு கோப்பில் மூளையின் மேற்புறப் பகுதிகள் எல்லாம் ஒரே நிறத்தில் அப்பிக் கிடந்தன. என்னிடம் வேலை செய்யும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, பெயின்ட் டப்பா கவுந்துட்ட மாதிரி கீது" என்றான். காரணம் ஒரு நண்பரின் உதவி. மெயிலில் அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று கோப்பை 8 பிட்டாக மாற்றிச் சிறிதாக்கிக் கொடுத்திருக்கிறார். 8 பிட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். ஃப்ரீசர்ஃபரின் வழக்கமான புறணி எண்கள் இடப்பக்கம் 1001-லிருந்தும் வலப்பக்கம் 2001-லிருந்தும் தொடங்கி 2035 வரை போகின்றன. 255-க்கு மேல் உள்ளதை வெட்டினால் எல்லாம் ஒன்றாகிவிடும். வெட்டாமல் மொத்தத்தையும் 255-க்குள் சுருக்கும் மென்பொருளும் உண்டு, அது இன்னும் மோசம். 2035 என்பது 255 ஆகும்போது 17 என்பது 2 ஆகிவிடும், ஹிப்போகாம்பஸ் வெண்பொருளாகிவிடும். ஸ்லைசரில் 'வால்யூம் இன்ஃபர்மேஷன்' பகுதியைத் திறந்து எண் வகையையும் மிகப் பெரிய எண்ணையும் பார்த்தால் இது உடனே பிடிபடும். 'அன்சைன்ட் சார்' என்று இருந்தால் இந்தக் கோப்பு உதவாது.

மிச்சம் இருந்தது அவர் சொந்தமாகத் திருத்திய நிறக் கோப்பு. வழிகாட்டி சில பகுதிகளை மட்டும் வேறு நிறத்தில் கேட்டிருக்கிறார். இவர் எக்செல்லில் திறந்து, மாற்றி, சேமித்துவிட்டார். நான் நோட்பேடில் திறந்து பார்த்தபோது இடைவெளிக்குப் பதில் காற்புள்ளிகள் இருந்தன. பெயர்களில் இருந்த சிறுகோட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்டிருந்தார். பார்வைக்கு அது அழகுதான். ஆனால் இடைவெளியை வைத்துத்தான் மென்பொருள் கட்டம் பிரிக்கிறது. பெயரின் பாதி சிவப்பு நிறத்தின் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கோப்பின் பெயரும் டாட் டிஎக்ஸ்டி டாட் டிஎக்ஸ்டி என்று இரட்டை வாலோடு இருந்தது. விண்டோஸ் வாலை மறைத்து வைப்பதால் அது கண்ணில் படவில்லை. இதெல்லாம் விண்டோஸில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிய தொல்லைகள்தான். சேமிக்கும்போது என்கோடிங் பெட்டியில் வெறும் யுடிஎஃப்-8 இருக்கட்டும். 'வித் பாம்' என்று இருந்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று சேர்ந்து முதல் வரியைக் கெடுக்கும்.

கடைசிக் கட்டத்தில் இருக்கும் 0 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீசர்ஃபர் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் அது 0 என்றே இருக்கும். ஃப்ரீசர்ஃபரைப் பொறுத்தவரை அதற்கு ஒளி புகாத, கெட்டியான நிறம் என்று பொருள். வேறு பல மென்பொருள்களில் 0 என்றால் முழுக்கக் கண்ணாடி, ஒன்றுமே தெரியாது. அந்தப் பட்டியலை அப்படியே நகலெடுத்து வேறு இடத்தில் போட்டால் எல்லாப் பகுதியும் மறைந்து போகக் காரணம் இதுதான். 255 என்று மாற்றினோம், நிறங்கள் தெரிந்தன. ஸ்லைசரில் இந்தக் கோப்பைச் சேர்க்கும்போது வகை என்ற இடத்தில் 'கலர்' என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் செய்தபின் எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃப்ரீசர்ஃபரோடு 'பெர்ட்' என்ற மாதிரி மூளை ஒன்று இலவசமாகவே வருகிறது. நம் நிறக் கோப்பை பெர்ட்டின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். பெர்ட்டில் சரியாக வந்து நம் கோப்பில் வராவிட்டால் எண்ணில் கோளாறு. பெர்ட்டிலும் வராவிட்டால் நிறக் கோப்பில் கோளாறு.

இடது வலது விஷயத்தை நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. 17-க்கும் 53-க்கும் ஃப்ரீசர்ஃபர் ஒரே மஞ்சளைத்தான் கொடுத்திருக்கிறது. படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக் கிடந்தாலும் நிறம் காட்டிக்கொடுக்காது. ஸ்லைசர் மருத்துவர்களின் வழக்கப்படி நோயாளியின் வலப்பக்கத்தைத் திரையின் இடப்பக்கம் காட்டும். வேறு சில மென்பொருள்கள் நேராகக் காட்டும். இரண்டிலிருந்தும் படம் எடுத்து ஒரே போஸ்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் 'இ', 'வ' என்று எழுத்து போட்டோம். ஸ்கேன் எடுக்கும்போதே தலையின் வலப்பக்கம் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடும் வழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. படத்தில் அது வெள்ளையாகத் தெரியும், சண்டையே வராது.

அப்புறம் அச்சு, இது என் பேட்டை. திரையிலிருந்து எடுக்கும் படம் பிஎன்ஜியாக இருக்க வேண்டும். ஜேபெக்கில் சேமித்தால் நிற எல்லைகளில் அழுக்கு படியும், மறுபடி பச்சைக் கோடு மாதிரி ஏதோ ஒன்று வந்து நிற்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, ஃப்ரீசர்ஃபரின் சில நிறங்கள் மையில் வரவே வராது. பாலிடம் என்ற மூளைப் பகுதியின் நீலம் இடப்பக்கம் 12, 48, 255. அச்சு மையின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் அது கத்திரிப்பூ நிறமாக மங்கிவிடும். அமிக்டலா என்ற இன்னொரு பகுதியின் 103, 255, 255 என்ற வெளிர்நீலம் வெளிறிப்போகும். ஹிப்போகாம்பஸ் மஞ்சளுக்குப் பிரச்சினை இல்லை. எனவே அச்சுக்கென்று நிறக் கோப்பின் இன்னொரு பிரதியை வைத்து, அந்த இரண்டு பகுதிகளின் வரிகளை மட்டும் மையில் வரக்கூடிய நிறங்களாக மாற்றி, ஸ்லைசரிலிருந்தே மறுபடி படம் எடுத்தோம். போஸ்டரில் இருக்கும் நிற விளக்கக் கட்டங்களுக்கும் அந்தக் கோப்பிலிருந்தே எண்களை எடுத்தோம்.

முதலில் ஏ4 தாளில் ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தேன். வழிகாட்டி நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம், தலைப்பில் எழுத்துரு சின்னதாக இருக்கிறது என்றாராம். பெரிதாக்கி, மேட் லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன்.