ஆய்வறிக்கை கோப்புக்குள் போகும் வழி

அங்கன்வாடிக்குக் கூடுதலாக ஒரு அரைநாள் பணியாளரைக் கொடுத்தால் என்ன நடக்கும்? கார்த்திக் முரளிதரனும் அவரோடு இரு பொருளாதார ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 320 மையங்களை எடுத்து, எவற்றுக்கு ஆள் போடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, இதைச் சோதித்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆள் கிடைத்த மையங்களில் முன்பருவக் கல்வி நடக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. அங்கே தொடர்ந்து படித்த பிள்ளைகள் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) கூடுதலாக எடுத்திருந்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் மற்ற மையங்களைவிடக் குறைவு.

இவ்வளவு தெளிவான முடிவு வந்தபின் அரசாணை போட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் தலைமைச் செயலகத்தில் அறிக்கை நகராது. கோப்புதான் நகரும். உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதி, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று மேலே போய், துறைச் செயலாளர் பார்த்தபின் நிதித்துறைக்குப் போகும். 80 பக்க அறிக்கையில் இரண்டு பக்கம் அந்தக் குறிப்பில் ஏறினால் பெரிது. அந்த இரண்டு பக்கத்தை ஆய்வுக் குழுவே எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் முன்னுரையிலிருந்து நாலு வரியை யாரோ எடுத்து ஒட்டுவார்கள்.

நிதித்துறை கேட்கும் கேள்விகள் வேறு. தமிழ்நாட்டில் 54,400-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். கூடுதல் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 327 கோடி. அடுத்த கேள்வி இன்னும் கடினம்: இது தொகுப்பூதியமா (மாதம் ஒரே தொகை), சிறப்பு காலமுறை ஊதியமா (ஆண்டுதோறும் உயரும் ஊதியம்)? பத்து ஆண்டு கழித்துப் பணிநிரந்தரம் கேட்டால் செலவு எங்கே போய் நிற்கும்? திட்ட விலக்கம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு இதற்கு ஒரு வரிகூட எழுதாத அறிக்கைதான், "ஆய்வில் உள்ளது" என்ற குறிப்போடு மூடப்படுகிறது. இதில் நிதித்துறையைக் குறை சொல்ல மாட்டேன். பணம் ஒதுக்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

காலமும் முக்கியம். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தாக்கலாகிறது. புதுத் திட்டத்துக்கான கருத்துரு (முன்மொழிவு) அதற்குப் பல மாதம் முன்பே இயக்குநரகத்திலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். ஜனவரியில் வந்து சேரும் அருமையான ஆய்வு, அடுத்த ஆண்டு கருத்துருவுக்குத்தான் ஆகும். அதற்குள் செயலாளரே மாறியிருக்கலாம்.

எல்லாம் கைகூடினாலும் ஆணையின் வாசகத்தில் கெடும். அந்த ஆய்வில் பலன் வந்ததற்குக் காரணம், புது ஆள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த, பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததுதான். ஆணையில் "அங்கன்வாடிப் பணியாளருக்கு உதவியாக" என்று மட்டும் எழுதினால், வருபவர் சமையலறையிலும் பதிவேட்டிலும் முடங்குவார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை ஏற்கெனவே பல அங்கன்வாடிப் பணியாளர்கள் தலையில் விழுகிறது. இவர் மீதும் விழும். தினமும் எத்தனை மணி நேரம், எந்த வயதுப் பிள்ளைகளோடு, வேறு எந்த வேலையும் தரக்கூடாது என்று கடமைப் பட்டியலைப் பிற்சேர்க்கையாகவே வைக்க வேண்டும். செலவு அதேதான், பலன் மட்டும் போய்விடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதப் பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நான்காம் சுற்றில் 50.7 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 57.4 சதவீதம். மாநில அளவில் இதை நம்பிப் பேசலாம். மாவட்டத்துக்கு இறங்கினால் கதை வேறு. ஒரு மாவட்டத்தில் சராசரியாக 900 வீடுகள்தான் மாதிரி. அதில் ரத்தம் பார்த்த பிள்ளைகள் 200 பேர் என்று கொண்டால், 50 சதவீதம் என்ற எண்ணுக்கு இரு பக்கமும் 7 சதவீதப் புள்ளி பிழை வரம்பு, அதாவது உண்மை எண் 43 முதல் 57 வரை எங்கேயும் இருக்கலாம். ஒரே ஊரில் பல வீடுகளைச் சேர்த்து எடுப்பதால் உண்மையில் இன்னும் அதிகம். இரண்டு சுற்றுகளைக் கழித்துப் பார்க்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்து 10 புள்ளியாகிவிடும். ஆக, "இந்த மாவட்டத்தில் 6 புள்ளி கூடிவிட்டது" என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மாவட்ட அலுவலரை நிற்கவைத்துக் கேட்பது அநியாயம். அந்த 6 மாதிரி எடுத்ததால் வந்ததாகவே இருக்கலாம்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. கூட்டத்துக்குப் போகும் அட்டவணையில் மாவட்ட சதவீதத்துக்குப் பக்கத்திலேயே, "43 முதல் 57 வரை" என்று இன்னொரு நெடுவரிசையில் வரம்பை அச்சடிக்கச் சொல்லுங்கள். மாதிரி எண்ணிக்கையை அடிக்குறிப்பில் போடாமல் மூன்றாவது நெடுவரிசையாகவே போடுங்கள்.